புள்ளி எண்ணுகிற வேலை

ஃபிஷ் பரிசோதனை, அதாவது கலத்துக்குள் இருக்கும் பரம்பரையலகை ஒளிரும் சாயப் புள்ளியாய்க் காட்டும் பரிசோதனை, என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது அந்த இருட்டு அறைதான், நீலக் கலக் கருவுக்குள் சிவப்பும் பச்சையுமாய்ப் புள்ளிகள் மினுங்குவது. பார்க்க அழகுதான். ஆனால் கண்டியில் இந்த ஆய்வுகூட வேலையில் இருந்து நான் கண்டது, முடிவு பெரும்பாலும், இழையம் கெடாமல் இருக்க ஊறவைக்கும் போமலின் போத்தலிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

மார்பகப் புற்றுநோயில் ஹெர்2 என்ற புரதத்துக்கான சாயப் பரிசோதனை 2+ என்று இரண்டும்கெட்டானாக நின்றால் இழையம் எங்களிடம் வரும். 17ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கும் ஹெர்2 பரம்பரையலகு பெருகியிருக்கிறதா என்று சொல்ல வேண்டும், ட்ராஸ்டுசுமாப் ஊசி மருந்தைக் கொடுப்பதும் விடுவதும் அதைப் பொறுத்தது. மலைப் பக்கமிருந்து வரும் சில போத்தல்களைப் பார்த்தால் கோபம் வரும். கட்டியைக் கீறித் திறக்காமல் அப்படியே திணித்து, மேலே கொஞ்சம் போமலின். அது மணிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர்தான் உள்ளே போகும், அதற்குள் நடுப்பகுதி கெடத் தொடங்கிவிடும். 6 முதல் 72 மணித்தியாலம் ஊற வேண்டும் என்பது விதி; எத்தனை மணிக்கு வெட்டி எடுத்தார்கள் என்று போத்தலில் எழுதியிருந்தால்தானே கணக்குப் பார்க்க!

அந்தப் பாவம், புரதத்தைக் கரைக்கும் பெப்சின் போடும்போதும் பின்னால் வரும். நேரம் குறைந்தால் புரதம் கரையாமல் பரம்பரையலகில் ஒட்ட வேண்டிய சாயம் பூசிய டிஎன்ஏத் துணுக்கு உள்ளே போகாது, எங்கும் பச்சை மூட்டமாய்த் தெரியும். கூடினால் கருவே கரைந்து வெறும் வளையம் மிஞ்சும். அப்புறம் சூடாக்கி டிஎன்ஏயின் இரட்டை இழையைப் பிரித்து, 37 பாகையில் இரவு முழுக்க விட்டு, காலையில் 72 பாகைக் கரைசலில் கழுவுவோம். தை மாதக் குளிரில் மெஷின் காட்டும் எண்ணை நம்பமாட்டேன், வெப்பமானியை ஜாடிக்குள்ளேயே விட்டுப் பார்ப்பேன்.

இழையத்தை அரைத்து டிஎன்ஏயைப் பிரித்தெடுத்து, அதைப் பல பிரதியெடுத்து அளக்கும் பிசிஆர் போட்டால் சுலபமாச்சே என்று புதிதாக வரும் பிள்ளைகள் கேட்பார்கள். எல்லா மலைத் தேயிலைக் கொழுந்தையும் ஒரே ரோலரில் போட்டபிறகு எது எந்த மலையுடையது என்று யார் சொல்வது? பால் குழாய்க்குள்ளேயே அடங்கிய புற்றில் பெருக்கம் இருக்கும், வெளியே ஊடுருவியதில் இருக்காது. இரண்டும் ஒரே ஸ்லைடில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். எண்ண வேண்டியது ஊடுருவியதை. 1969இல் ஜோசப் கால், மேரி லூ பார்டூ இருவரும் தவளை முட்டைக் கலங்களில் கதிரியக்க ஆர்என்ஏயை வைத்துக் காட்டியதும் இதைத்தான், கலத்தை உடைக்காமல் அது இருக்கும் இடத்திலேயே பார்ப்பது.

“மிஸ், அம்மாவுக்கு அந்த ஊசி போடுவாங்களா?” என்று தோட்டத்திலிருந்து வந்த பிள்ளை கேட்டால், டொக்டர்தான் சொல்வார் என்று அனுப்பிவிடுகிறேன். புள்ளிகள் கொத்துக் கொத்தாய்க் கிடந்தால் சிரமமில்லை. ஹெர்2 புள்ளிகளுக்கும் 17ஆம் நிறமூர்த்தத்தைக் காட்டும் புள்ளிகளுக்கும் உள்ள விகிதம் 1.9, 2.1 என்று எல்லையான 2ஐச் சுற்றி நிற்கும்போது இன்னொருவர் முதலிலிருந்து எண்ணுவார், எனக்கு வந்த கணக்கை அதுவரை அவரிடம் சொல்லமாட்டேன்.