மாதம் ஒருவர், ஒரே ஒரு பதிவு

நம் வகுப்பில் பாட்டுப் பைத்தியங்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். மற்றவர்களுக்கு எங்கள் முகம் மறந்திருக்கலாம். மதிய இடைவேளையில் மேஜையைத் தட்டித் தாளம் போட்டு உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது மறந்திருக்காது. அந்தக் கூட்டம் இன்று எடிசன், டொராண்டோ, டல்லாஸ் என்று சிதறிக் கிடக்கிறது. ஒருவன் மட்டும் மும்பை மாட்டுங்காவை விட்டு நகரவே இல்லை. ஆனாலும் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. மாதம் ஒருவர் முறை. முறைக்காரர், அந்தச் சமயத்தில் தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரே ஒரு பதிவை மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டும். இரண்டாவதாக ஒன்றை அனுப்பினால் யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டோம். மாதக் கடைசி ஞாயிறு எல்லோரும் தொலைபேசியில் கூடி அதைப் பற்றி மட்டும் பேசுவோம். இதைப் பற்றி எழுதச் சொன்னவர்கள் நம் பள்ளி மலர்க் குழுவினர். வீண் வேலை என்று தோன்றினால் அவர்களைத் திட்டுங்கள்.

ஆயிரக்கணக்கான மணி நேரக் கச்சேரிகள் கைபேசியிலேயே கிடைக்கும்போது எதற்கு இந்தக் கெடுபிடி என்று என் மகள் கேட்கிறாள். இது இப்போது வந்த பழக்கமில்லை. 1980களில் எங்களுக்கு வேறு வழியே கிடையாது. நல்ல காலி கேசட் என்றால் துபாயிலிருந்தோ மஸ்கட்டிலிருந்தோ யாராவது சித்தப்பா கொண்டுவர வேண்டும். ஒரு சி-90 கேசட்டில் பக்கத்துக்கு 45 நிமிடம். மூன்று மணி நேரக் கச்சேரிக்கு இரண்டு கேசட் வேண்டும், எங்களிடம் எப்போதும் ஒன்றுதான் இருக்கும். அந்த ஒன்றும் வாரம் முழுக்க வீடு வீடாகச் சுற்றும். உங்களுக்கு ஒரு ராத்திரி, அடுத்தவனுக்கு ஒரு ராத்திரி. பிடிக்காத பாட்டையும் ஓட்டாமல் கேட்போம், ஏனென்றால் கேட்க வேறெதுவும் இருக்காது.

பதிவு செய்வதற்கு வழி, சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு வானொலியில் வந்த அகில பாரத சங்கீத நிகழ்ச்சி. 1952-இல் தொடங்கியது அது. ஹிந்துஸ்தானியும் கர்நாடகமும் மாறி மாறி வரும். ஆன்டாப் ஹில் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டு டூ-இன்-ஒன்னுக்கு (ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த பெட்டி) ஜன்னலோரம் வைத்தால்தான் ஸ்டேஷன் தெளிவாகப் பிடிக்கும். ஜன்னலோரத்தில் பிளக் கிடையாது, அதனால் பேட்டரி. பேட்டரி இறங்கிப் போயிருந்தால் பதிவாகும்போது நாடா மெதுவாக ஓடும். அதையே நல்ல மின்சாரத்தில் போட்டுக் கேட்டால் வேகம் கூடி, சுருதி ஒரு கட்டை ஏறி, பெரிய வித்வான் எல்லாம் பத்து வயதுப் பையன் போல் பாடுவார். பின்னணியில் பக்கத்து வீட்டு மராத்திச் செய்தியும் ஹார்பர் லைன் ரயிலின் ஹாரனும் இலவசம். அந்த ஹாரன் எந்த ஆவர்த்தனத்தில், அதாவது தாளத்தின் எந்தச் சுற்றில், வரும் என்பது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

சரி, இதெல்லாம் எல்லா ஊரிலும் நடந்ததுதான். எங்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம் கிங்ஸ் சர்க்கிள் மாமா. பள்ளிக்கூடத்திலிருந்து நடை தூரம், மூன்றாவது மாடி, அறை முழுக்க ஸ்பூல் டேப், கேசட்டுக்கு முந்தைய பெரிய சக்கர நாடாக்கள். அவர் யாருக்கும் பிரதி எடுத்துக் கொடுப்பார். ஆனால் ஒரு நிபந்தனை. “முதல்ல உட்கார்ந்து கேளு. எந்த இடம் நல்லா இருந்ததுன்னு சொல்லு. அப்புறம் கேசட்டை நீட்டு” என்பார். பதில் சொல்லத் தெரியாமல் காலி கேசட்டோடு திரும்பி வந்து, கபே மெட்ராஸ் வாசலில் நின்று ‘எல்லாமே நல்லா இருந்தது என்று சொன்னால் ஏன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்’ என்று புலம்பியிருக்கிறோம்.

மதுரை மணி ஐயரை நான் முதலில் கேட்டது அந்த அறையில். வராளி ராகத்தில் ‘கா வா வா’. பாபநாசம் சிவன் பாட்டு. அவர் ஸ்வரம் பாட ஆரம்பித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்கமோ கேலியோ இல்லை, ஒருவர் இவ்வளவு சுருதி சுத்தமாகவும் இவ்வளவு சாவகாசமாகவும் விளையாட முடியுமா என்ற திகைப்பு. மாமா டேப்பை நிறுத்தி, “இது எங்கிருந்து வந்தது தெரியுமா?” என்றார். மணி ஐயர் கொடுத்த இசைத்தட்டுகள் சொற்பம். அந்தக் காலத்து 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடம்தான் கிடைக்கும். அவருடைய ஸ்வரம் சூடு பிடிக்கவே அது போதாது. 1968-இல் அவர் போய்விட்டார். இன்று நாம் கேட்கும் மணி ஐயர் பெரும்பாலும் கச்சேரிகளில் பிடிக்கப்பட்டு, ஒரு ரசிகர் இன்னொருவருக்குக் கொடுத்து, அவர் வேறொருவருக்குக் கொடுத்துப் பிழைத்த மணி ஐயர். பதிவைப் பூட்டி வைத்துக்கொள்ளும் ரசிகர்களைப் பற்றி மாமா சொன்ன வார்த்தைகளை மலரில் அச்சிட முடியாது.

அன்றிலிருந்து ஒவ்வொரு கேசட் பெட்டிக்குள்ளும் ஒரு சீட்டு வைக்க ஆரம்பித்தோம். ‘பி பக்கம், மிருதங்கத் தனி முடிந்ததும், 215’ என்று, நாடா ஓட ஓட டேப் ரெக்கார்டரில் ஏறும் கவுண்ட்டர் எண்ணோடு எழுதுவோம். ஒரு டேப் ரெக்கார்டரின் 215 இன்னொன்றில் 240 ஆக இருக்கும் என்பதால் அந்த எண்ணால் ஒரு பிரயோஜனமும் இல்லை. முழுதும் கேட்டுத்தான் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

மராத்தி டீச்சரைச் சொல்லாமல் விட்டால் பாவம். நம்மில் பாதிப் பேர் அவரிடம் வாங்கிய மதிப்பெண்ணை வெளியே சொல்ல முடியாது, அது வேறு விஷயம். சீட்டு எழுதிக்கொண்டிருந்த என்னைக் கையும் களவுமாகப் பிடித்தவர், மறுநாள் ஒரு கேசட்டைக் கொடுத்தார். ஹிந்துஸ்தானிப் பாடகர் உஸ்தாத் அமீர் கான், ராகம் ஹம்சத்வனி. ‘வாதாபி கணபதிம்’ பாடும் நமக்குச் சொந்தமான ராகம் என்று நான் நினைத்திருந்தேன். தவறில்லை, முத்துசுவாமி தீட்சிதரின் தந்தை ராமசுவாமி தீட்சிதர் உருவாக்கிய ராகம்தான். ஆனால் அதை வடக்கத்திய மேடைக்குக் கொண்டுபோனதில் பெரும் பங்கு அமான் அலி கானுக்கு. பேண்டி பஜார் கரானாக்காரர் (கரானா என்றால் ஹிந்துஸ்தானி இசைப் பரம்பரை), கர்நாடக இசையில் ஈடுபாடு கொண்டவர். அமீர் கான் பாடும் ‘ஜெய் மாதே விலம்ப’ அமான் அலி கான் இயற்றியதே. பேண்டி பஜார் எங்கே இருக்கிறது? மாட்டுங்காவில் வண்டி ஏறினால் அரை மணி நேரம் ஆகாது. மதராஸிலிருந்து வரும் சங்கீதத்துக்காக வாய் பிளந்து காத்திருந்த எங்களுக்கு, பக்கத்துத் தெருவில் நம் ராகம் இன்னொரு நடையில் உலாவியது தெரியவில்லை. ம, த என்ற இரண்டு ஸ்வரங்களும் இல்லாத ராகம்; நாம் அதைக் கச்சேரி ஆரம்பத்தில் விறுவிறுவென்று பாடி அடுத்ததற்குப் போய்விடுவோம். அமீர் கான் அதில் குடியிருக்கிறார். காந்தாரத்துக்கு, அதாவது ‘க’ ஸ்வரத்துக்கு, வந்து சேரவே அவருக்கு அவசரமில்லை.

தாராவியிலிருந்து வந்த நண்பன் (இப்போது டல்லாஸ்காரன்) எங்கள் கூட்டத்தில் சேர்ந்தது சண்டையோடு. “வாய்ப்பாட்டு மட்டும்தான் சங்கீதமாடா?” என்று கேட்டு, அவன் அப்பா திருநெல்வேலியிலிருந்து கொண்டுவந்த கேசட்டைப் போட்டான். காருகுறிச்சி அருணாசலம், ஏதோ ஊர்க் கல்யாணத்தில் ஸ்பூலில் பிடித்துப் பின்னால் கேசட்டுக்கு மாறியது. அதுவரை எங்களுக்கு அவர் 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ நாகஸ்வரக்காரர், அவ்வளவுதான். பந்திக்குக் கூப்பிடும் குரல்களுக்கு நடுவே கரகரப்ரியா ராகம் ஏறிக்கொண்டே போனது. அடுத்த வாரம் அவருடைய குரு ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம். அத்தோடு எங்கள் வாய் அடைத்தது. சபா வாசலே மிதிக்காதவர்கள் வீட்டில் இப்படிப்பட்ட நாடாக்கள் இருந்தன, நாங்கள்தான் கேட்கவில்லை.

1990-இல் மும்பையின் கச்சேரி மண்டபமான சண்முகானந்தா அரங்கில் தீப்பிடித்தபோது நாங்கள் கல்லூரிகளில் இருந்தோம். 1998-இல் அது திரும்பத் திறந்தபோது பாதிப் பேர் கடல் தாண்டியிருந்தோம். இடையில் குறுந்தகடு வந்தது, போனது. மாமாவும் போய்விட்டார், ஸ்பூல்களை அவர் பேரன் டிஜிட்டலுக்கு மாற்றிவிட்டான், அதற்கு அவனுக்குக் கோடிப் புண்ணியம்.

சமீபத்திய முறைகளில் என்னை அதிகம் ஆட்டிவைத்தது பாடகர் ராமநாதபுரம் கிருஷ்ணன். அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அவர் இருந்தபோது 1967-இல் பதிவு செய்து, மறு ஆண்டு நான்சச் என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட ‘வித்வான்’ என்ற இரட்டைத் தட்டு. வி. தியாகராஜன் வயலின், நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி டி. ரங்கநாதன் மிருதங்கம், வி. நாகராஜன் கஞ்சிரா. எடிசன்காரி பழைய தட்டுக் கடையில் கண்டெடுத்து அனுப்பினாள். குரலை உயர்த்தாமல், யாரையும் அசத்த வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் பாடுகிறார். ஸ்டூடியோப் பதிவில் உயிர் இருக்காது என்று அடம் பிடிப்பவன் நான். 90களின் கேசட்டுகளில் கோயில் குளத்துக்குள் உட்கார்ந்து பாடுவது போல் எதிரொலி சேர்த்துக் கெடுத்தவர்களை இன்னும் மன்னிக்கவில்லை. இந்தத் தட்டு முன்னால் மட்டும் என் அடம் செல்லாது.

என் முறைக்கு நான் அனுப்பியது எம்.டி. ராமநாதனின் ‘கிரிபை’, சஹானா ராகம். டைகர் வரதாச்சாரியாரின் சிஷ்யர், கனத்த கீழ்க்குரல், அவருடைய காலப்பிரமாணத்தில் ஓர் ஆவர்த்தனம் முடிவதற்குள் காபி போட்டுக் குடித்துவிடலாம். பள்ளி நாட்களில் இவரை ஒருவருமே முழுசாகக் கேட்டதில்லை, ஐம்பது வயதுக்குப் பிறகு கேட்க வேண்டியவர் போலும். டொராண்டோவில் ஒலிப்பதிவுத் தொழிலில் இருக்கிறவன் அதன் இரைச்சலை நீக்கிச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பினான். இரைச்சலோடு சேர்ந்து தம்புராவின் ரீங்காரமும் பாதி போய்விட்டிருந்தது. அவனுக்கும் எனக்கும் இதில் ஒரு மணி நேரச் சண்டை. சுருதியைச் சரி செய், வேகத்தைச் சரி செய், மற்றதில் கை வைக்காதே என்பது என் கட்சி. நடுவில் மாட்டுங்காக்காரன் புகுந்து, “மைக்கே வேண்டாம்னு பிடிவாதம் பிடிச்ச மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரையே நாம மைக் புண்ணியத்துலதான் கேக்கறோம், பேசாம இருங்கடா” என்றான்.

அடுத்த மாதம் டல்லாஸ்காரன் முறை. கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி (சாமி புறப்பாட்டில் நாகஸ்வரத்தில் வாசிப்பது) என்று இப்போதே மிரட்டி வைத்திருக்கிறான், நீளம் எவ்வளவு என்று கேட்டால் சொல்ல மறுக்கிறான். சேர விரும்புகிறவர்கள் மலர்க் குழுவிடம் பெயர் கொடுங்கள். உங்கள் முறை வர எட்டு மாதமாகும். அதுவரை கேட்பது மட்டும்தான் உங்கள் வேலை. ஞாயிற்றுக்கிழமை எந்த இடம் என்று கேட்போம், எல்லாமே நல்லா இருந்தது என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டோம்.