அம்மாவின் நெற்றிக்கும் சேர்த்து

தேசே பிரான்ஸில் ஒரு சின்ன ஊர்; பல திருச்சபைகளைச் சேர்ந்த துறவிச் சகோதரர்கள் அங்கே ஒன்றாக வாழ்கிறார்கள். 1985 டிசம்பர் கடைசியில் அவர்களுடைய இளைஞர் கூட்டம் மதராஸில் நடந்தபோது அம்மாவுக்கு 19 வயது. ஓர் இரவு சிலுவையைத் தரையில் கிடத்தி, ஒவ்வொருவராக முழங்காலில் போய் நெற்றியை வைத்து ஜெபிக்கிற வரிசையில் அவளும் இருந்திருக்கிறாள். முன்னால் முப்பது பேர் இருக்கும்போது, ஹாஸ்டல் கேட்டை மூடிவிடுவார்கள் என்று தோழி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாளாம். “ஒரு நாள் அந்த ஊருக்கே வந்து வெச்சுக்கறேன் ஆண்டவரேன்னு நேர்ந்துகிட்டேன்” என்பாள். அப்புறம் கல்யாணம், நாங்கள், அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு. இப்போது இரண்டு முழங்காலும் போய்விட்டது. நான் ஜெர்மனிக்குப் படிக்க வந்ததும் குளிர் எப்படி, சாப்பாடு எப்படி என்று கூடக் கேட்கவில்லை. “அங்கேருந்து தேசே எவ்ளோ தூரம்டீ?”

கிளம்புகிற அன்று போனில் ஒன்றுதான் சொன்னாள். “என் நெத்திக்கும் சேர்த்து வெச்சுட்டு வா.”

எங்கள் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அம்மா ஆர்.சி., அதாவது கத்தோலிக்கர்; அப்பா சி.எஸ்.ஐ., புராட்டஸ்டண்ட். ஞாயிற்றுக்கிழமை அவள் பூசைக்கு, அவர் ஆராதனைக்கு. சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் அம்மா ஜெபமாலையை எடுத்தால் அப்பா தொண்டையைச் செருமுவார். அப்பா நீட்டி ஜெபித்தால் அம்மா கடிகாரத்தைப் பார்ப்பாள். இரண்டுக்கும் நடுவில், மதராஸில் கற்றுக்கொண்டு வந்த பத்து நிமிட மௌனம். சின்ன வயதில் எனக்கு அது தண்டனை. அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த ஒரே ஜெபம் அதுதான் என்று புரிவதற்கு அப்பா போக வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் மாத ஞாயிறு, தேசேக்கு பஸ் பிடிக்கிற மாகோன் ஸ்டேஷன் வாசல். முதுகில் மூட்டையோடு நாற்பது ஐம்பது பேர் பஸ்ஸுக்கு நிற்கிறோம். ஒரு டாக்ஸிக்காரர் வந்து, இன்றைக்கு பஸ்ஸே கிடையாது, நாலு பேராகச் சேர்ந்து வாருங்கள் என்றார். எந்த நாட்டிலும் கோவிலுக்குப் போகிற வழியில் இப்படி ஒருவர் நிற்பார் போல! போலந்துப் பிள்ளைகள் சிலர் நம்பி ஏறிவிட்டார்கள். கால் மணி நேரத்தில் பஸ் வந்தது. க்ளூனி என்ற ஊரைத் தாண்டி தேசேக் குன்றுமேல் இறங்கியபோது நல்ல மழை. கூடாரத்தை நனைந்துகொண்டே கட்டினேன். முதல் இரவு தண்ணீர் உள்ளே வந்து, பைபிள் நனையாமல் இருக்க அதை வயிற்றில் வைத்துப் படுத்திருந்தேன்.

ஆகஸ்டில் அங்கே கூட்டம் ஆயிரக்கணக்கில். குளிக்க வரிசை, டீக்கு வரிசை. டீயைக் கிண்ணத்தில் ஊற்றித் தருவார்கள், சாப்பாட்டுக்கு ஒரே ஒரு ஸ்பூன். எல்லாருக்கும் வேலை உண்டு; எனக்குக் கிடைத்தது கழிவறை கழுவுவது. முதல் நாள் முகம் சுளித்தேன். மூன்றாம் நாள் மாப்பைப் பிடித்தபடி அந்த வார்த்தை புரியாத லத்தீன் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு மூன்று வேளை ஜெபத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினால் வேறென்ன ஆகும்?

காலை 8.15, மதியம் 12.20, இரவு 8.30. மணி அடித்ததும் குன்று முழுக்கக் கோவிலை நோக்கி நடக்கும். ஒப்புரவுக் கோவில் என்று பெயர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பரிகாரமாக ஜெர்மன் இளைஞர்கள் வந்து கட்டிக்கொடுத்தது, 1962-ல் திறந்தார்கள். நாற்காலி வரிசை கிடையாது, எல்லாரும் தரையில். வெள்ளை அங்கியில் பிரதர்கள் நடுவில் உட்கார்ந்திருப்பார்கள். பாட்டு, வாசகம், மறுபடி பாட்டு, பிறகு அந்த மௌனம்.

நம் ஊர்த் தியானக் கூட்டங்களில் ஒலிபெருக்கிக்கு நடுவே அழுது பழகியவள் நான். அதைக் குறை சொல்லவில்லை, அங்கேதான் எனக்கு விசுவாசமே வந்தது. ஆனால் இத்தனை ஆயிரம் பேர், அதுவும் என் வயதுக்காரர்கள், ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்ததில்லை. முதல் இரண்டு நாள் எனக்கு மௌனம் வரவே இல்லை. தேர்வு, வாடகை, ஒருத்தி அனுப்பிய மெசேஜ், இதெல்லாம்தான் வந்தது. பக்கத்தில் ஒருவன் போனைத் தூக்கிப் படம் பிடித்தான், எரிச்சல் வந்தது. வாரம் முழுக்க மௌனத்தில் இருக்க விரும்புகிறவர்களுக்குத் தனி வீடு உண்டு. எனக்குத் துணிச்சல் இல்லை. கீழே நீரூற்றுத் தோட்டத்தில் குளத்தோரம் மட்டும் தினமும் போய் உட்காருவேன்.

புதன்கிழமை ஊரின் பழைய சின்னக் கோவிலுக்குப் போனேன். இந்தச் சகோதரர் குழுவைத் தொடங்கிய பிரதர் ரோஜரின் கல்லறை அதன் வாசலில்தான். பெரிய மேடையோ பளிங்கோ இல்லை. மரச் சிலுவை, செடிகள். 1940-ல், 25 வயதில், ஜெனீவாவிலிருந்து சைக்கிளில் வந்து இந்த ஊரில் வீடு வாங்கியவர். யூதர்களையும் அகதிகளையும் ஒளித்து வைத்தவர். புராட்டஸ்டண்ட் பாஸ்டரின் மகன். அவர் தொடங்கிய சகோதரர் குழுவில் பின்னால் கத்தோலிக்கரும் சேர்ந்தார்கள், இன்றைக்கும் ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்கள். 2005 ஆகஸ்ட் 16, மாலை ஜெபத்தின் நடுவே ஒரு பெண் அவரைக் கத்தியால் குத்தினாள், அவருக்கு 90 வயது. செய்தி வந்த அன்று எங்கள் வீட்டில் அம்மா அழுதாள். அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்து, முதல் முறையாக அவரே ஜெபமாலையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். கல்லறை முன்னால் நின்றபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. அந்தப் புதன்கிழமை மதிய ஜெபத்தில் பத்து நிமிட மௌனம் எப்போது முடிந்தது என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு. ஜெபம் முடிந்ததும் சிலுவையைத் தரையோடு கிடத்தினார்கள். வரிசை முழங்காலில் நகர ஆரம்பித்தது. பாட்டு நிற்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். தரையில் முழங்கால் எரிந்தது, அம்மாவால் இதை முடித்திருக்கவே முடியாது என்று தோன்றியது. மனப்பாடம் செய்துகொண்டு போன விண்ணப்பப் பட்டியல் என்னிடம் இருந்தது: தம்பிக்கு வேலை, அக்காவுக்குக் குழந்தை, என் படிப்பு. முன்னால் இருந்த பெண் எழுந்து போனாள். அவள் கண்ணீர் விழுந்த இடம் மரத்தில் ஈரமாக இருந்தது. அதைத் துடைக்கத் தோன்றவில்லை, அதன்மேலேயே நெற்றியை வைத்தேன். பட்டியல் போய்விட்டது. ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. அப்படியே கிடந்தேன். எழுந்திருக்கும்போதுதான் அம்மாவின் ஞாபகம். பின்னால் அத்தனை பேர் காத்திருக்கிறார்கள், இருந்தாலும் மறுபடி குனிந்து இன்னொரு முறை வைத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆண்டவரே, உமக்கு நன்றி. வந்த பஸ்ஸுக்கு, நனைந்த கூடாரத்துக்கு, நான் கழுவிய கழிவறைக்கு, தொண்டையைச் செருமிய என் அப்பாவுக்கு. கேட்க வந்தது எதையும் கேட்கவிடாமல் செய்ததற்கும் நன்றி.

மறுநாள் காலை அம்மாவுக்குப் போன் செய்தேன். நேர்ச்சை முடிந்தது என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டாள், “மரம் சில்லுனு இருந்துச்சா?”

“இல்லம்மா. சூடா இருந்துச்சு. எனக்கு முன்னாடி அத்தனை பேர் நெத்தி பட்டிருந்துச்சு.”