திருடு போன ஸ்கூட்டருக்கு முழுக் காப்பீட்டுத் தொகை வாங்கிய கதை

வேலூரில் எங்கள் வீட்டு வாசலில் பூட்டி நிறுத்தியிருந்த ஸ்கூட்டர் இரவோடு இரவாகக் காணாமல் போனது. தம்பி காட்பாடி தாண்டி, சித்தூர் சாலையில் கிறிஸ்டியான்பேட்டை சோதனைச் சாவடி வரை தேடிப் போனான். ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால், இங்கே வண்டி தொலைந்தால் முதலில் அந்தத் திசையில்தான் மனம் ஓடும். நான் நேராகக் காவல் நிலையம் போனேன். பின்னால் என்னைக் காப்பாற்றியது அதுதான்.

நிலையத்தில் ரைட்டர் மரியாதையாகவே பேசினார். "சி.எஸ்.ஆர். போட்டுத் தருகிறேன் அம்மா. இரண்டு நாள் தேடிப் பார்ப்போம், கிடைக்காவிட்டால் எஃப்.ஐ.ஆர். போடலாம்" என்றார். சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்து சேர்ந்ததற்கான ரசீதுதான், வழக்குப்பதிவு ஆகாது. இப்படிப்பட்ட குற்றங்களில் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இலேயே சொல்லிவிட்டது. இப்போது நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவின்படி, புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிவு செய்ய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் புகார் அனுப்பலாம். இதைப் பணிவாகச் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மாலைக்குள் நகல் கைக்கு வந்தது.

வாங்கியதும் ஆர்.சி. புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தேன். சேசிஸ் எண்ணில் 'பி' என்ற ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 8 என்று பதிவாகியிருந்தது. அப்போதே திருத்தித் தரும்படி கேட்டேன், திருத்திக் கொடுத்தார்கள். அப்படியே விட்டிருந்தால் அது வேறு வண்டி என்று சொல்லக் காப்பீட்டு நிறுவனத்துக்கு வழி கிடைத்திருக்கும்.

அந்த நாட்களில் மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்தார். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க இரண்டு வாரம் போல ஆகிவிட்டது. பிறகு கேட்டதையெல்லாம் கொடுத்தேன்: பாலிசி, ஆர்.சி., இரண்டு சாவிகள், வண்டியின் உரிமையை மாற்றுவதற்காகக் கையெழுத்திட்ட 28, 29, 30 எண் படிவங்கள், வங்கியின் கடன் கணக்கு விவரம். வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற காவல் துறையின் இறுதி அறிக்கைக்குத்தான் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் நடுவே வங்கித் தவணை மட்டும் நிற்கவில்லை. வண்டி இல்லை என்பதற்காகக் கடன் தள்ளிப்போகாது.

எல்லாம் கொடுத்து முடித்த பிறகு ஒரு கடிதம் வந்தது. தாமதமாகத் தெரிவித்ததால் பாலிசியின் முதல் நிபந்தனையை மீறிவிட்டீர்கள், கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது என்று நான்கே வரி. பிரீமியத்தை ஒரு நாள்கூடத் தவறாமல் கட்டியவளுக்கு இதுதானா பதில் என்று மனம் கொதித்தது. பலர் இந்தக் கடிதத்தோடு சோர்ந்துபோய் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

2020 ஜனவரியில் குர்ஷிந்தர் சிங் என்பவரின் டிராக்டர் திருட்டு வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு இதைத் தெளிவாக்கியது. திருட்டு நடந்தவுடன் போலீசில் புகார் கொடுத்து, விசாரணையில் திருட்டு உண்மை என்று தெரிந்த பின், நிறுவனத்துக்குத் தெரிவிக்கத் தாமதமானது என்ற ஒரே காரணத்தால் தொகையை மறுக்க முடியாது. 2022 பிப்ரவரியில் ஜெய்னா கன்ஸ்ட்ரக்ஷன் வழக்கிலும் இதையே உறுதி செய்தார்கள். அங்கே நிறுவனத்துக்குத் தகவல் போனது ஐந்து மாதத்துக்கும் பிறகு! உண்மையான கோரிக்கைகளைத் தாமதத்தைக் காட்டி இயந்திரத்தனமாகத் தள்ளாதீர்கள் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் 2011 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது.

இவற்றைக் குறிப்பிட்டு, நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன். பதில் வராமல் ஒரு மாதம் கடந்ததும், சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு (இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்) மனு அனுப்பினேன். கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துக்கொள்ளவும் கூடாது. 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். நிராகரிப்புக் கடிதம் வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையம் வேலூரிலேயே இருக்கிறது. அங்கே இரண்டு வருட அவகாசம் உண்டு, 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. குறைதீர்ப்பாளரின் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், நம்மைக் கட்டுப்படுத்தாது என்பதால் நான் இந்த வழியை முதலில் எடுத்தேன்.

மனு போன பிறகு நிறுவனத்தில் இருந்து போன் வந்தது. "75 சதவீதம் தருகிறோம் மேடம், முழுத் தீர்வு என்று கையெழுத்துப் போடுங்கள்" என்றார்கள். என் பாலிசியில் ஐ.டி.வி., அதாவது வண்டிக்குக் குறித்திருந்த காப்பீட்டு மதிப்பு, 68,400 ரூபாய். ஒப்புக்கொண்டிருந்தால் 17,100 ரூபாய் போயிருக்கும். 75 சதவீதக் கணக்கு, பாலிசி நிபந்தனையை மீறியவர்களுக்கு நீதிமன்றங்கள் காட்டிய சலுகை. சாவியை வண்டியிலேயே விட்டு இறங்கிய ஒரு லாரி வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் கொடுத்தது. நான் வண்டியைப் பூட்டியிருந்தேன், இரண்டு சாவியும் ஒப்படைத்திருந்தேன். முடியாது என்று எழுத்திலேயே பதில் அனுப்பினேன்.

விசாரணை வீடியோ வழியாக நடந்தது. எஃப்.ஐ.ஆர். தேதியைத்தான் முதலில் கேட்டார்கள். தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. பாலிசிதாரரே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவான 100 ரூபாய் போக முழு ஐ.டி.வி. கிடைத்தது. பாலிசி ஆண்டுக்குள் வண்டி திருடு போனால் ஐ.டி.வி.யில் மேற்கொண்டு தேய்மானம் கழிக்கக் கூடாது. இதையும் மனுவில் எழுதியிருந்தேன். கடன் பாக்கி நேராக வங்கிக்குப் போய், மீதி என் கணக்கில் வந்தது.

பைக்கைத் திருட்டில் பறிகொடுத்த எங்கள் பக்கத்துத் தெருக்காரர் ஒருவருக்கு மட்டும் என்னால் வழி சொல்ல முடியவில்லை. புதிதாக வாங்கிய பைக்குக்கு ஐந்து வருடக் காப்பீடு இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தார். அந்த ஐந்து வருடம், நம் வண்டியால் மற்றவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மட்டும். திருட்டுக்கான 'ஓன் டேமேஜ்' பகுதி முதல் வருடத்தோடு முடிந்திருந்தது. உங்கள் பாலிசியில் அந்தப் பகுதிக்கு என்ன முடிவுத் தேதி போட்டிருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள். முடிந்திருந்தால் அதை மட்டும் தனியாகவும் புதுப்பித்துக்கொள்ளலாம்.