ஐ.ஆர்.8 பிறந்த ஊரில் நாட்டு நெல்

நாட்டு நெல்லை ஒழித்துக் கட்டியதே ஐ.ஆர்.8 என்ற அதிக விளைச்சல் நெல் ரகம்தான் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் திட்டுவதைக் கேட்டே வளர்ந்தவன் நான். 1966-ல் அதை வெளியிட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம், பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவுக்குத் தெற்கே லாஸ் பானோஸில் இருக்கிறது. நெல் ரகங்களின் விதைகளைச் சேமித்து வைக்கும் அங்குள்ள மரபணு வங்கியைப் பார்க்கத்தான் போனேன். 1,30,000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள்! விரட்டியவர்களே சேர்த்தும் வைத்திருக்கிறார்கள்.

ஃப்ரீசரில் போட்டு மூடிவிடுவார்கள் என்று நினைத்தால், வேலையே அதற்கு முன்னால்தான். நம் ஊரில் விதைநெல்லை வெயிலில் காயவைத்து, பல்லில் கடித்துப் பார்ப்போம். இங்கே 15 டிகிரி குளிர், 15 சதவீதக் காற்று ஈரப்பதம் உள்ள அறையில் மெதுவாகக் காயவிடுகிறார்கள். நெல்லின் ஈரம் ஆறு சதவீதம் அளவுக்கு இறங்க வேண்டும். அப்புறம் மேசையில் பரப்பி, பதர், கலப்பு, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் கையாலேயே பொறுக்குகிறார்கள். எத்தனை இயந்திரம் வந்தாலும் அந்தக் கண்ணுக்கு ஈடில்லை.

கேட்பவர்களுக்குக் கொடுக்கும் விதை அலுமினியத் தாள் பொட்டலங்களில், 2 முதல் 4 டிகிரியில் இருக்கும். நீண்ட காலத்துக்கானது மைனஸ் 20-ல். நகல்கள் நார்வேயின் ஸ்வால்பார்டிலும் அமெரிக்காவின் ஃபோர்ட் காலின்ஸிலும் உள்ளன. அவ்வப்போது முளைக்க வைத்துப் பார்த்து, முளைப்புத்திறன் குறைந்தால் வயலில் விதைத்துப் புது விதை எடுக்கிறார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? 1970-களில் புல்குட்டை என்ற வைரஸ் நோய் ஆசிய நெல் வயல்களைத் தாக்கியபோது, ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சோதித்ததில் எதிர்ப்புச் சக்தி கிடைத்தது ஒன்றே ஒன்றில். உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல் அது. பார்த்தால் களை என்று பிடுங்கிப் போடுவோம். நம்மவர்கள் பயிரிட்ட ஐ.ஆர்.36 நெல் ரகத்துக்கு அந்த எதிர்ப்பைக் கொடுத்தது அதுதான்.

கம்போடியா கதை இன்னும் பெரிது. கெமர் ரூஜ் கம்யூனிஸ்டுகள் ஆண்ட காலத்தில் அந்நாட்டு விவசாயிகள் இழந்த ரகங்களில் பல, போருக்கு முன்பே இங்கே வந்து சேர்ந்திருந்தன. 1980-களில் அந்த விதைகள் ஊர் திரும்பின. இதைக் கேட்ட பிறகு என் பழைய கோபம் பாதியாகிவிட்டது. மீதிப் பாதி இருக்கிறது. எதை எந்தப் பட்டத்தில் விதைப்பது, எது அவலுக்கு, எது பழைய சோற்றுக்கு என்பதெல்லாம் பொட்டலத்துக்குள் அடங்குமா? அதற்கு வயலில் விதைத்துக்கொண்டே இருக்கும் ஆட்கள்தான் வேண்டும்.

சரி, போக நினைப்பவர்கள் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிவிடுங்கள். திரும்பும்போது இளநீர் வழுக்கை வைத்துச் சுட்ட புக்கோ பை வாங்க மறக்காதீர்கள். இந்த ஊர் அதற்கும் பேர்போனது.