பன்னிரண்டாவது ஓட்டை

லென்ஸ் இல்லாமல் ஊசித்துளை வழியாகவே படம் பிடிக்கிற என் டப்பா கேமராவில் ஒருவழியாகப் படம் விழுந்துவிட்டது. கேரள எல்லைக்குள் இருக்கிற கழுதுருட்டிப் பதிமூன்று கண் ரயில் பாலம், கண் கண்ணாக எண்ணலாம். மூன்று மாதமாகப் படம் கழுவும் டிரேயில் மிதந்ததெல்லாம் மங்கலான பஞ்சுமிட்டாய்தான்.

முதலில் பழியைக் காற்றின்மேல் போட்டேன். ஆடி மாசம் செங்கோட்டையில் கணவாய்க் காற்றுக்கு எந்த டப்பாவும் ஆடாமல் நிற்காது. மொட்டைமாடியில் அம்மிக்குழவியைத் தலையில் ஏற்றி வைத்தும் மங்கல் போகவில்லை. கோளாறு ஓட்டையில்.

என்னுடையது பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள பால்பவுடர் டப்பா. ஓட்டைக்கு எதிர்ச்சுவரில், வெளிச்சம் பட்டால் கறுக்கிற போட்டோத் தாள். அந்தத் தூரத்துக்குத் தக்கபடிதான் ஓட்டையின் அளவு, ஆகவே 0.45 மி.மீ. பத்தாம் நம்பர் ஊசி ஏறக்குறைய அதே தடிமன் என்று குளிர்பான டின் தகட்டில் நேராகக் குத்தி இறக்கிக்கொண்டிருந்தேன். மறுபக்கம் பூ விரிந்த மாதிரி பிசிறு நின்றிருக்கிறது, கவனிக்கவே இல்லை.

இப்போது தகட்டைப் பழைய ரப்பர் செருப்பின்மேல் வைத்துக் குழி விழுகிற அளவுக்கு மட்டும் அழுத்துகிறேன். துளைக்கவே கூடாது. திருப்பிப்போட்டு, புடைப்பை ஆயிரம் நம்பர் வாட்டர் பேப்பரில் வட்டமாகத் தேய்க்கத் தேய்க்க, தானாகவே ஒரு பொட்டு வெளிச்சம் தெரியும். அப்புறம் ஊசியை விரலிடையே உருட்டி நுழைப்பது, தேய்ப்பது, மறுபடி உருட்டுவது. ஸ்கேனரில் 2400 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 2400 புள்ளி) வைத்தால் குறுக்கே 42 பிக்சல் வர வேண்டும். ஏழாவது ஓட்டை ஒரு பக்கம் 42, மறுபக்கம் 55. முட்டை! பன்னிரண்டாவது 42-க்கு 43. வீட்டில் எல்லோரிடமும் காட்டினேன், யாரும் அசரவில்லை.

நல்ல வெயிலில் அரை நிமிடம் போதும். அன்றைக்குச் சாரல் மேகம் வந்து வந்து போனதால் இரண்டு நிமிடம் திறந்து வைத்தேன். கறுப்பு டேப் சுற்றிய டப்பாவைப் பார்த்த டீக்கடைச் சேட்டன், "எந்தா இது, போம்பாணோ?" என்றார். உள்ளே தாள் வளைந்திருப்பதால் பாலத்தின் மேல்வரி வில்லாக வளைந்துவிட்டது. தூண்கள் நேராக நிற்கின்றன. 1904-இல் ரயில் விட்டவர்கள் பார்த்தால் சண்டைக்கு வருவார்கள்.

தாளில் படத்தை வெளியே கொண்டுவருகிற டெவலப்பருக்கு இன்ஸ்டன்ட் காபி, சலவை சோடா, வைட்டமின் சி. நாற்றம் குடலைப் புரட்டும். படத்தை நிலைக்க வைக்கிற ஃபிக்ஸருக்கு அலைய வேண்டாம். கலர்மீன் கடையில் தண்ணீரில் குளோரின் போக்க விற்கிற ஹைப்போ கல்லேதான். தாள் மட்டும் கூரியரில் வர வேண்டும். போன பாக்கெட்டை வழியில் யாரோ பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். வெளிச்சம் பட்டு ஐம்பதும் கரிக்கட்டை.

இப்போது தாளில் இருப்பது கறுப்பும் வெளுப்பும் இடம் மாறிய நெகட்டிவ். அதிலிருந்து பாசிட்டிவ் இன்னும் போடவில்லை. அதற்குள் புத்தி அடுத்ததற்குத் தாவிவிட்டது. டிசம்பர் 21 முதல் ஜூன் 21 வரை ஒரு டின்னைக் கிழக்கு பார்த்துக் கட்டி, சூரியன் போகிற தடத்தை ஒரே தாளில் பிடிக்க வேண்டும். நம் ஊரில் அது செங்குத்தாக ஏறுமே, கோடுகள் மழை பெய்கிற மாதிரி வரும். ஒத்திகையாக ஒன்றை மாடிக் குழாயில் கட்டினேன். மூன்றாம் நாளே காக்கை டேப்பைப் பிய்த்துவிட்டது.