எந்தப் படம்?

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். நான் போட்டிருந்த பாட்டுகள் முடிந்து, ஸ்பாட்டிஃபை தானாக வேறொன்றுக்குத் தாவியது. கை முழுக்கச் சோப்பு. மாற்ற முடியவில்லை.

நல்லவேளை.

ஒரு பெண் குரல், ஒரு கிடார், அவ்வளவுதான். இரண்டாவது சரணத்தில் தூரத்தில் குக்கர் விசில். எங்கள் அடுப்பைத் திரும்பிப் பார்த்தேன். இல்லை, பாட்டுக்குள்தான்! யாரோ வீட்டு அறையிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். விசிலை வெட்டாமல் விட்டதுதான் எனக்குப் பிடித்தது.

கை துடைத்துவிட்டுப் பார்த்தால், எத்தனை முறை ஓடியது என்று காட்டும் இடத்தில் ஆயிரத்துக்கும் கீழே என்று மட்டும் இருக்கிறது.

அந்த ஆயிரம் சும்மா இல்லை. 12 மாதங்களில் 1,000 முறையாவது ஓடாத பாட்டுக்கு 2024-லிருந்து அங்கே ராயல்டி கிடையாது. ஒரு முறை என்று கணக்கில் ஏறவே 30 விநாடி கேட்டிருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் முன்னிசையை விட்டுவிட்டு நேராகப் பல்லவியில் குதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ரீல்ஸில் அந்தப் பொறுமைகூட யாருக்கும் இல்லை. (இளையராஜாவின் முன்னிசையை வைத்தே பாட்டைக் கண்டுபிடித்துப் பந்தயம் கட்டிய கூட்டம் நாங்கள்!)

இந்தப் பெண்ணோ முக்கால் நிமிடம் வெறும் கிடாரை வாசிக்கிறார். தைரியம்தான்.

சரி, நம்மால் ஆனது என்று பட்டியலில் சேர்த்தேன். அப்புறம் அக்காவுக்கு அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: "சூப்பர்டி. எந்தப் படம்?"