அட்சதையில் எழுதும் சுவஸ்திகம்

சிறுவயதில் மன்னார்குடி மல்லிநாதர் ஜினாலயம் என்னும் சமணக் கோயிலுக்குப் பாட்டியுடன் செல்லும்போதெல்லாம், வீட்டிலிருந்து ஒரு சம்புடத்தில் பச்சரிசி எடுத்துச் செல்வோம். சன்னதியின் முன் இருந்த பலகையில் பாட்டி அரிசியைப் பரப்பி, சுட்டுவிரலால் சுவஸ்திகத்தை எழுதுவார். அதன் மேல் மூன்று சிறு குவியல்கள், அவற்றுக்கு மேல் ஒரு பிறை, பிறையின் மேல் ஒரே ஒரு குவியல்.

சுவஸ்திகத்தின் நான்கு கைகள் தேவகதி, மனிதகதி, விலங்குகதி, நரககதி எனும் நான்கு பிறவி நிலைகளைக் குறிக்கின்றன. தேவர்களாகப் பிறப்பதும் இந்தச் சுழலுக்குள் அடங்கியதே என்பதுதான் எனக்கு மிக ஆழமாகப் படுகிறது. சமணம் சொர்க்கத்தை முடிவாகக் கொள்வதில்லை. மூன்று குவியல்கள் நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் ஆகிய மும்மணிகள். பிறை, முக்தி பெற்ற உயிர்கள் உறையும் உலக உச்சியான சித்தசிலை; மேலிருக்கும் குவியல் வினையெல்லாம் நீங்கிய உயிர். மகாவீரர் முக்தியடைந்த 2500ஆவது ஆண்டையொட்டி 1974-75இல் சமணப் பிரிவுகள் ஏற்றுக்கொண்ட பொதுச் சின்னத்திலும் இவ்வடிவம் உள்ளது. அதன் கீழே, உள்ளங்கைச் சக்கரத்தின் நடுவில் அகிம்சை என்ற சொல்லைத் தாங்கிய கை.

சமணர் வணங்கும் அருளாளர்களான தீர்த்தங்கரர்களின் திருவுருவங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், பீடத்தில் செதுக்கிய இலாஞ்சனம் எனும் அடையாளச் சின்னத்தைக் கொண்டே இன்னார் என்று அறிகிறோம். ஆதிநாதருக்குக் காளை, சந்திரபிரபருக்குப் பிறை, எங்கள் மல்லிநாதருக்குக் கலசம். முக்தி பெற்ற உயிர்களிடையே வேற்றுமை இல்லை என்பதால், அடையாளம் உடலில் அன்றிப் பீடத்தில் இருப்பதே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

அரிசியால் ஏன் எழுத வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். அது விதைவிடும் சமயம். வீட்டுத் திண்ணையில் ஊறவைத்த விதைநெல் சாக்குக்குள் வெள்ளை முளை விட்டிருந்தது. பாட்டி அதைக் காட்டி, "உமி இருக்கிற மட்டும் முளைக்கும். உமியும் தவிடும் போன அரிசியைப் போட்டுப் பார், முளைக்குமா? வினையும் அப்படித்தான்" என்றார். உயிரைப் பற்றியிருக்கும் வினை, உமி. அது நீங்கினால் மறுபிறப்பில்லை. நெல்லையே வாழ்வாகக் கொண்ட காவிரிக் கரையில் இதைவிடத் தெளிவான உவமை எங்கே கிடைக்கும்!

படைத்த அரிசியைத் திரும்ப எடுத்துவரக் கூடாது என்பதால் சம்புடம் வெறுமையாகவே வீடு திரும்பும். மறுநாள் விடியலில் பாட்டி முறத்தோடு உட்கார்ந்து, நொய்யை ஒதுக்கி, இடையில் உமி போகாமல் கிடக்கும் ஓரிரு நெல்மணிகளைத் தேடித் தேடிப் பொறுக்கிவிட்ட பிறகே அதை நிரப்புவார்.